எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஒரு வில்லன்

ஓசியில் வாழை மரம் கிடைத்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? நானும் சொல்லவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி திவ்யா போனில் தட்டுகிறாள். நடுநடுவே, "இரு ஆயா, சிரிச்சிட்டு வரேன்" என்கிறாள். (கதையே அவளுடையதுதான். சிரிக்க மாட்டாளா பின்னே?)

மேனாம்பேட்டில் எங்கள் தெரு ரொம்பப் பழையது. சுற்றிலும் அடுக்குமாடி முளைத்துவிட்டது. எங்கள் வரிசை மட்டும் தேக்குத் தூண், சிவப்புத் தரை, நடுமுற்றம் என்று அப்படியே நிற்கிறது. இடித்துக் கட்ட வக்கில்லாமல்தான் விட்டுவைத்தோம். அதற்குள் சீரியல்காரர்கள் வந்து, "ஆகா, பாரம்பரியம்!" என்றார்கள். அன்றிலிருந்து நாங்களும் பாரம்பரியம் ஆகிவிட்டோம்.

எங்கள் வீடு ஜமீன் வீடாக நடித்திருக்கிறது, ஆசிரமமாக நடித்திருக்கிறது, பேய் வீடாகக்கூட நடித்திருக்கிறது. (பேய் வேஷம் கட்டிய பெண் என் கையால் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் அலறப் போனாள்.) எதிர்வீட்டு வசந்தா வீட்டில் ஒரு துளசி மாடத்தை வைத்து சீன் எடுத்துவிட்டு, அப்படியே விட்டுப் போனார்கள். அவளும் தினமும் குளித்து, விளக்கேற்றி, சுற்றி வந்தாள். ஒரு மழைநாள் மாடம் மிதந்து தெருவுக்குப் போனபோதுதான் அது தெர்மாக்கோல் என்று தெரிந்தது. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திவ்யாவுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்த்த கார்த்தியைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். அவன் அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அம்மா சண்முகத்தாய்க்குத்தான் அரை மனசு. "மெட்ராஸ் குடும்பம் நமக்கு ஒத்து வருமா பெரியம்மா?" என்று போனில் என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து திவ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் ஏதாவது ஒன்று கோணலாகப் போனால் போதும், அந்தம்மா எழுந்து போய்விடுவார், சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயம்.

அந்த நேரத்தில்தான் சூட்டிங் மேனேஜர் தாஸ் வந்தான்.

"ஆயா, வியாழக்கெயம உன் ஊடு வேணும். நிச்சயதார்த்த சீன் எடுக்கணும்."

"அன்னிக்கு எங்க ஊட்லயே நிச்சயதார்த்தம் கீதுப்பா!"

"எத்தினி மணிக்கு?"

"சாய்ங்காலம் அஞ்சுக்கு."

"நாங்க மதியமே மூட்ட கட்டிடுவோம் ஆயா."

பந்தல் அவர்களுடையது. வாழை மரம் அவர்களுடையது. சாமந்தித் தோரணம் அவர்களுடையது. நிச்சயம் மட்டும் நம்முடையது! "போறப்ப வாழ மரத்தயும் பூவயும் மட்டும் கயிட்டாம வுட்டுட்டுப் போ" என்றேன்.

மருமகள் செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தே, வேணாம். சூட்டிங்காரங்க என்னிக்கு சொன்ன நேரத்துக்கு முடிச்சிக்கீறாங்க?"

"நீ சும்மா இரு. எத்தினி சூட்டிங்க பாத்தவ நானு!"

வியாழக்கிழமை வந்தது. கதாநாயகி அழ வேண்டும். கண்ணீர் வருவேனா என்றது. மருந்து விட்டார்கள், கண் சிவந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மத்தியானச் சாப்பாடும் முடிந்தது, சீன் முடியவில்லை. ரூமெல்லாம் அவர்கள் கையில் இருந்ததால், செல்வியும் திவ்யாவும் புடவை கட்ட வசந்தா வீட்டுக்குப் போனார்கள். தாம்பூலத் தட்டும் பழமும் வாங்கப் பூந்தமல்லிக்குப் போன என் மகன் டிராபிக்கில் மாட்டிக்கொண்டான். நான் கொல்லையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் அடிபிடித்துவிடும். (கேசரி விஷயத்தில் நான் யாரையும் நம்ப மாட்டேன்.)

மாப்பிள்ளை வீட்டார் அஞ்சு மணிக்குத்தானே வருவார்கள்? அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும் அல்லவா? கிளம்பிவிட்டார்கள். ஆவடி என்ன டெல்லியிலா இருக்கிறது? இரண்டு மணிக்கெல்லாம் வேன் வாசலில் நிற்கிறது. கார்த்தி மட்டும் ஆபீஸில் இருந்து நேராக வருவதாக ஏற்பாடு.

ஐயப்பன்தாங்கலில் இருந்து வர வேண்டிய துணை நடிகர்களைக் காணோமே என்று தாஸ் வாசலில் குதித்துக்கொண்டிருந்தான். பட்டுப் புடவையும் வேட்டியுமாக ஒரு வேன் ஆட்கள் இறங்கினால் அவன் என்ன நினைப்பான்?

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு? மாப்ள ஊடுதானே? போ, போ, ரைட் சைடுல போய் குந்து!"

மாப்பிள்ளை வீடுதானே! போய் உட்கார்ந்தார்கள்.

ஒருத்தன் வந்து ஆளாளுக்கு முகத்தில் பவுடர் ஒற்றினான். பன்னீர் தெளிப்பது மாதிரி இது மெட்ராஸ் வழக்கம்போல என்று சம்பந்தியம்மா முகத்தை வாகாகத் தூக்கிக் காட்டினாராம். லைட்டு, கேமரா, கிரேன் எதற்கும் அசரவில்லை. இப்போது காதுகுத்துக்கே கிரேன் வைத்து வீடியோ எடுக்கிறார்களே! "பரவாயில்லையே, நல்லாத்தான் செலவழிச்சிருக்காவ" என்று வீட்டுக்காரரிடம் மெச்சிக்கொண்டாராம். ஃபேக்டரியில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உட்கார்ந்து பழகியவர் அந்த வீட்டுக்காரர். தாஸ் கையைத் தட்டினால் எழுந்தார், தட்டினால் உட்கார்ந்தார்.

கேசரியை இறக்கிவிட்டு, கரண்டியும் கையுமாக நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி யாரோ ஒரு அம்மா. எங்கேயோ பார்த்த முகம். பார்த்தால், ஐயோ, நம்ம சம்பந்தி!

ஓடலாம் என்று கால் எடுக்கிறேன், அதற்குள் வில்லன் வந்துவிட்டான். (கதைப்படி பெண்ணுக்குத் தாய்மாமன். என்னா மீசை!) கூடத்துக்கு நடுவில் நின்று, துண்டை உதறி, வீடே அதிரக் கத்தினான்.

"இந்த நிச்சயதார்த்தம் நடக்காது! இந்தக் குடும்பமும் அந்தக் குடும்பமும் எந்தக் காலத்துலயும் ஒத்து வராது!"

பின்வரிசையில் நாற்காலி உருண்டது. சம்பந்தியம்மா எழுந்து நின்றார்.

"யாருவே நீரு, அதச் சொல்லுததுக்கு? எம்புள்ளைக்கும் அந்தப் புள்ளைக்கும் புடிச்சிருக்கு. ஒத்து வருமா வராதான்னு நாங்க பாத்துக்கிடுதோம். நிச்சயம் இன்னைக்கு நடக்கத்தான் செய்யும். உக்காரும்வே!"

அவ்வளவு பெரிய மீசை பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"அம்மா... எனக்கு எழுதிக் குடுத்ததத்தான் சொன்னேன்."

"எவன் எழுதிக் குடுத்தான்? அவன வரச் சொல்லும்!"

"கட்!" என்றார் டைரக்டர். விளக்குகள் அணைந்தன. தாஸ் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாவும் பார்த்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த திவ்யா வாசலில் நின்று பொலபொலவென்று அழுதாள். (காலையிலிருந்து கண்ணீருக்குத் தவம் கிடந்த கதாநாயகி அவளை ஏக்கமாகப் பார்த்ததை நான் கவனித்தேன்.)

"இது என்ன பெரியம்மா, நாடகமா?"

வாழை மரத்துக்கு ஆசைப்பட்ட கதையை முழுசாகச் சொன்னேன். கரண்டியில் இருந்து நெய் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தம்மா முகம் பவுடருக்குள் என்ன பண்ணுகிறது என்றே தெரியவில்லை. திவ்யாவைப் பார்த்தார். வில்லனைப் பார்த்தார். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"இத்தன பேருக்கு மின்ன வாயத் தொறந்து சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான். அந்தப் புள்ளைய அழ வேண்டாம்னு சொல்லுங்க."

மணி மூன்று தாண்டி ராகுகாலமும் கழிந்திருந்தது, இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? மகனோ இன்னும் பூந்தமல்லியில். அந்தம்மா மனசு மாறுவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டுமே! முன்னால் பளபளவென்று இருந்த தட்டைத் தூக்கினேன். "சம்பந்திம்மா, தட்ட மாத்திக்கலாம் வாங்க!" அவர்கள் கொண்டுவந்த தட்டு என் கைக்கு வந்தது, என் கையிலிருந்தது அவர்கள் கைக்குப் போனது. வில்லன்தான் முதலில் கை தட்டினான். அப்புறம் வந்து சேர்ந்த கார்த்திக்கு, தன் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டதை தாஸ்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் ஆவடியிலிருந்து போன்.

"பெரியம்மா, நீங்க குடுத்த தட்டுல ஆப்பிள வெட்டலாம்னு பாக்கேன். கத்தி எறங்க மாட்டேங்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூட்டிங் தட்டில் நிஜ ஆப்பிளா வைப்பார்கள்? பிளாஸ்டிக்! வெற்றிலை முதற்கொண்டு பிளாஸ்டிக்! விஷயம் கேள்விப்பட்டு வசந்தா தெருவைத் தாண்டி வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்து, துளசி மாடத்துக்கும் சேர்த்து சிரித்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் ஆகி, கொள்ளுப்பேரனும் பிறந்துவிட்டான். அந்த ஆப்பிள் சம்பந்தி வீட்டு ஷோகேஸில் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் நான் ஆவடிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனால், சண்முகத்தாய் சம்பந்தி வாய் நிறைய "வாங்க பெரியம்மா" என்பார். பையை வாங்குவார். ஒவ்வொரு பழமாக எடுத்து, நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார்.