பதினைந்து கிலோ

உலகத்தில் நீதி என்று ஒன்று மிச்சம் இருக்குமானால், அது தராசின் நடுமுள்ளில்தான் நிற்கிறது. அந்த முள்ளைக் காப்பவனே மனித குலத்தைக் காக்கிறான்.

அப்படிக் காப்பவர் அன்று காலை ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அவர் எடையளவு ஆய்வாளர். இருபத்திரண்டு வருஷமாகக் கடை கடையாகப் போய் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரையும் தப்பாக இருந்தால் நோட்டீசும் கொடுத்து வந்தவர். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு ‘கிராம் சார்’ என்று பெயர். கொடுத்த நோட்டீசை ஒரு தடவைகூட அவர் திரும்ப வாங்கியதில்லை. தப்பு செய்தவன்தானே திரும்ப வாங்கவேண்டும்?

கார் வாங்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. ஐம்பத்தோரு வயதில், அதுவும் பழைய வண்டி, அதுவும் இரண்டே பேர் உட்காரும் வண்டி. வீட்டில் இருப்பது மூன்று பேர். மூன்றாவது ஆள் எங்கே உட்காருவது என்று மனைவி கேட்டபோது, இந்த வண்டியின் அழகே அதன் எடையில்தான் இருக்கிறது, மொத்தமே அறுநூற்று முப்பது கிலோ என்று பதில் சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மனைவி கவனித்தாள்; இருபத்து நாலு வருஷமாகக் கவனித்துவருகிறாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். ஒன்பது வருஷம் ஓட்டிய அம்மாள். முழங்கால் மடங்க மறுத்ததால் விற்கிறார். வாசலில் நின்று, மாட்டிக்கொண்டவரை அவர் நிதானமாகப் பார்த்தார். பிடுங்க வராத பல்லைப் பார்த்துப் பழகிய கண்.

“இடது காலை முதல்ல வெளிய போடுங்க. அவசரப்படாதீங்க. வலிச்சா கையைத் தூக்குங்க.”

கூடவந்த மெக்கானிக் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். கிராம் சார் வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டு, இருக்கை நிர்ணயிக்கப்பட்ட அளவைவிடக் குறுகலாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். அளவு வண்டியின் கையேட்டில் இருந்தபடியே இருந்தது. அவர் டேப்பைச் சந்தேகமாகப் பார்த்தார்.

உண்மையான பிரச்சினை இருக்கை அல்ல. ஓட்டிப் பார்த்தபோது தெருவில் மூன்று வேகத்தடை வந்தது. மூன்றிலும் வண்டியின் அடிவயிறு ‘டர்ர்’ என்று உரசியது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட உரசியதில்லை என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தில்தான் கிராம் சாருக்குள் தூங்காமல் இருந்த ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்தார். வண்டி தாழ்கிறது என்றால் எடை கூடியிருக்கிறது. எடை கூடியிருக்கிறது என்றால் யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

“எடை போட்டுப் பாத்துடலாம்” என்றார்.

ஊர்க்கோடியில் பழைய இரும்புக் கிடங்கின் எடைமேடை இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரே சோதித்து முத்திரை போட்ட மேடை. அதைச் சந்தேகப்படுவது தன்னையே சந்தேகப்படுவது. அந்த வழக்கம் அவருக்கு இல்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து எண்ணைப் படிக்கும் பெண்மணியை எல்லோரும் அக்கா என்பார்கள். காரை மேடையில் ஏற்றிவிட்டு இறங்கச் சொன்னார் அக்கா. இறங்க முடியவில்லை. இந்தத் தடவை இருக்கை காரணமில்லை. ஹேண்ட்பிரேக் தொளதொளவென்று இருந்தது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருண்டது.

“பரவாயில்ல. நான் உள்ளயே இருக்கேன். என் எடையைக் கழிச்சுக்கலாம்.”

“உங்க எடை எவ்வளவு சார்?”

“எழுபது” என்றார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்ற குரலில் சொன்னார். “ஏழு வருஷமா எழுபது.”

இது வெறும் பேச்சல்ல. வீட்டுக் குளியலறையில் ஒரு எடைக்கருவி வைத்திருந்தார். அதையும் சட்டப்படி சோதித்து, பார்ப்பவர் கண்ணில் படும்படி முன்பக்கத்திலேயே ஈய முத்திரை போட்டிருந்தார். ஞாயிறுதோறும் காலையில் மனைவி, மகள், தான் என்று மூவரும் வரிசையாக அதில் ஏறவேண்டும். எண்ணைக் கதவில் தொங்கும் அட்டையில் அவரே எழுதுவார். கூடினால் அரைமணி நேரச் சொற்பொழிவு உண்டு. சில வருஷங்களாக யாருக்கும் கூடியதில்லை. குடும்பம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அலுவலகத்தில் அவர் சொல்லாத நாளில்லை.

அறுநூற்று முப்பதும் எழுபதும் எழுநூறு. அக்கா எண்ணைப் படித்தார்.

“எழுநூத்திப் பதினஞ்சு.”

கிராம் சாரின் முகத்தில் ஒரு புனிதமான கோபம் பரவியது. பதினைந்து கிலோ.

மெக்கானிக் விளக்கினான். இடிபட்ட வண்டியைப் பட்டி பூசி நிரவி, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள், பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், பட்டிதான் கனம். இதைப் பொதுவாகத்தான் சொன்னான். கிராம் சார் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். நேரே டாக்டரம்மாவிடம் போய், காத்திருந்த மூன்று நோயாளிகளுக்கு எதிரில், இது இடிபட்ட வண்டி, இதில் பதினைந்து கிலோ பொய் இருக்கிறது என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

“என் வண்டி எதுலயும் இடிச்சதில்ல. நீங்க தாராளமாத் தேடுங்க, எதை வேணும்னாலும் கழட்டுங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம். பட்டி இருந்தா வண்டியை நீங்க சும்மாவே எடுத்துட்டுப் போங்க.”

“இல்லேன்னா?”

“வண்டியை வாங்கிக்கணும். அதோட, நான் சொன்னது தப்புன்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்க முத்திரையும் வெச்சுக் கொடுக்கணும். இந்த வெயிட்டிங் ரூம்ல மாட்டுவேன்.”

கிராம் சார் அந்த அறையைப் பார்த்தார். கடைத்தெருவில் இருக்கிற ஒரே பல் டாக்டர். மளிகைக்காரர், இரும்புக்கடைக்காரர், பழக்கடைக்காரர் என்று அவரிடம் நோட்டீஸ் வாங்கிய அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் அறை. அந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணிதான் காலியாக இருந்தது. ஒத்துக்கொண்டார். தப்பாகப் போக வாய்ப்பே இல்லாத மனிதருக்கு எதை ஒத்துக்கொண்டால் என்ன?

முதலில் காந்தம். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கதவில் வைத்தார், விழுந்தது. பானெட்டில் வைத்தார், விழுந்தது. பின்னால், பக்கத்தில், மேலே எங்கு வைத்தாலும் விழுந்தது. வண்டி முழுக்கவே பட்டி என்று அறிவித்தார். அவர் குரலில் வெற்றியும் கொஞ்சம் பயமும் இருந்தது.

“சார், இது ஃபைபர் பாடி” என்றான் மெக்கானிக். “பிளாஸ்டிக் பக்கெட் மாதிரி. அதனாலதான் வண்டி லேசு.”

“அதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க ஆசையா ஒட்டிப் பாத்துட்டிருந்தீங்க.”

அப்படியானால் பொய் உள்ளே இருக்கிறது. உதிரிச் சக்கரம், ஜாக்கி, பக்கத்து இருக்கை, காலடி விரிப்பு எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஒவ்வொன்றையும் கிராம் சார் தன் அலுவலகத் தராசில் வைத்து நிறுத்து எழுதிக்கொண்டார். சரியாக முப்பத்தைந்து கிலோ. மறுபடி மேடை, மறுபடி அவர் உள்ளே. அறுநூற்று அறுபத்தைந்து வரவேண்டும்.

“அறுநூத்தி எம்பது” என்றார் அக்கா.

எவ்வளவு கழற்றினாலும் பதினைந்து கிலோ மட்டும் கழலமாட்டேன் என்றது. கிராம் சாருக்குத் தூக்கம் போயிற்று. கவலையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார். தையல்காரர் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிட்டுத் தருகிறேன் என்றபோது, உன் டேப்பைக் கொண்டுவா, சோதிக்கிறேன் என்று மிரட்டிவிட்டு வந்தார். எங்கு பார்த்தாலும் அளவு மோசடி.

வெள்ளிக்கிழமை வண்டியின் உட்பக்கமே இல்லாமல் போயிற்று. கதவின் உள்பலகைகள், கம்பளம், டாஷ்போர்டின் பாதி எல்லாம் மெக்கானிக் ஷெட்டின் தரையில் கிடந்தன. இதுவரை கழற்றியது மொத்தம் ஐம்பது கிலோவைத் தொட்டது. நடுவில் இருந்த மூடியையும் எடுத்தபோது அடியில் இருந்த ஹேண்ட்பிரேக் கேபிள் மெக்கானிக்கின் கண்ணில் பட்டது. நட்டு ஒன்று தளர்ந்திருந்தது. சும்மா இருக்கிற கையால் அதை இறுக்கினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா மடக்கு நாற்காலியோடு எடைமேடைக்கே வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள், கண்ணாடிபோட்ட காலி ஃபிரேம். கிராம் சார் எலும்புக்கூடாகிவிட்ட வண்டியை மேடையில் ஏற்றினார். உட்காரப் போதிய இடம் இப்போதுதான் இருந்தது. பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வண்டி அசையாமல் நின்றது. இன்று எண்ணைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று இறங்கிப் போய்க் கூண்டின் பக்கத்தில் நின்றார்.

“ஐநூத்தி எம்பது” என்றார் அக்கா.

அறுநூற்று முப்பதில் ஐம்பது போனால் ஐநூற்று எண்பது. கிராம் சார் மூன்று தடவை கழித்தார். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

“சரியா இருக்கே” என்றார். ஏமாற்றத்தில் குரல் கீச்சிட்டது. “அப்ப அந்தப் பதினஞ்சு கிலோ எங்க போச்சு?”

அக்கா கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்களோட இறங்கிடுச்சு சார்.”

மெக்கானிக் சட்டென்று குனிந்து, வண்டிக்கு அடியில் பார்க்கத் தேவையில்லாத ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தான்.

கிராம் சார் வண்டியை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, தான் மட்டும் தனியாக ஏறினார். அக்கா படித்தார். எண்பத்தைந்து. பாக்கெட்டைக் காலி செய்தார். எண்பத்தைந்து. செருப்பைக் கழற்றினார். லாரி நிறுக்கிற மேடைக்குச் செருப்பு ஒரு பொருட்டா? எண்பத்தைந்து.

டாக்டரம்மா வெள்ளைத்தாளை நீட்டினார். “நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கொஞ்சம் வலிக்கும், அப்புறம் மரத்துடும்.”

அவர் எழுதினார். இந்த வண்டியில் மிகை எடை எதுவும் காணப்படவில்லை. காணப்பட்ட மிகை எடை ஆய்வாளருடையது. கீழே கையெழுத்து. அதன் பக்கத்தில், இருபத்திரண்டு வருஷமாகப் பிழையே அறியாத முத்திரை. தாள் ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது; முதலிலேயே அளந்து வாங்கியிருப்பார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வாங்கிய வண்டியில் இரவு வீடு திரும்பினார். வழியில் மூன்று வேகத்தடை. மூன்றிலும் ‘டர்ர்’. இந்தத் தடவை அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

நேரே குளியலறைக்குப் போனார். எடைக்கருவியைத் தூக்கிவந்து, மனைவியும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையின் நடுவில் வைத்தார். முன்பக்கத்தில் ஈய முத்திரை உடையாமல் பளபளத்தது. கருவியைத் தலைகீழாகத் திருப்பினார். எடையைக் கூட்டிக் குறைக்கும் திருகு அடிப்பக்கத்தில், யார் வேண்டுமானாலும் தொடும்படி, முத்திரை ஏதுமில்லாமல் இருந்தது. அங்கே போட்டால் வருகிறவர்கள் கண்ணில் படாதே என்று அன்று முன்பக்கத்தில் போட்டவர் அவர்தான்.

“பதினஞ்சு கிலோ குறைவாக் காட்டுது” என்றார். “இந்த வீட்டுல. என் முத்திரைக்குக் கீழ. யார் செஞ்சது?”

மனைவி தண்ணீரைக் குடித்தாள். தம்ளரை வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை அந்தச் சொற்பொழிவைக் கேக்க முடியலைங்க. வாராவாரம் ஒரு துளி திருப்புவேன்.” பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “ஆனா பதினஞ்செல்லாம் இருக்காதே. மொத்தமே அஞ்சு கிலோதான் குறைச்சேன்.”

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“மீதி பத்து நான்.”