அப்பாவின் வலது புருவம்

பிரேயஸ் துறைமுக நகரில் இருக்கும் மதிப்பிற்குரிய அமெர்சூதா அத்தைக்கு, தம்பி மகள் மிர்ஸினி வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது அப்பாவின் காபிக் கடையில் இருக்கிறது, நான் ரிசீவரை எடுத்தால் சீட்டாடுகிறவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். தவிர, தவறாக நினைக்காதீர்கள், தொலைபேசியில் எப்போதும் நீங்கள்தான் பேசுகிறீர்கள். உங்கள் முழங்கால், மாமா, பூனை எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம், அப்பாவின் முகத்தில் பாதியைத் தவிர.

பயப்பட வேண்டாம். போன மாதம் ஒருநாள் காலையில் அப்பா ஒரு வாய் காபி குடித்தார், அது வலது கடைவாய் வழியாகச் சட்டையில் இறங்கியது. பக்கவாதம் என்று கடையே எழுந்து நின்றுவிட்டது. நான் மாடியிலிருந்து ஓடிவந்து, "அப்பா, புருவத்தைத் தூக்குங்க" என்றேன். இடது புருவம் ஏறியது, வலது அப்படியே கிடந்தது. "அப்பாடா" என்று உட்கார்ந்தேன். எல்லாரும் என்னைக் கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நெற்றிக்கு மட்டும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, அத்தை. மூளையில் கோளாறு என்றால் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து விழுந்தால் கோளாறு நரம்பில். மித்திலினி மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னார்கள்: காதுக்குப் பின்னால் எலும்புக்குள் குறுகலான ஒரு வழி, அதற்குள் நரம்பு வீங்கிவிட்டது, மாத்திரை சாப்பிட்டுப் பொறுமையாக இருந்தால் முகம் திரும்பிவிடும் என்று.

பொறுமையாக இருக்க விட்டால்தானே. உங்களுக்குத் தெரியாததில்லை, அப்பா பிறந்ததிலிருந்து 'முடியாது' என்று வாயால் சொன்னதில்லை. நம் தீவு வழக்கப்படி இரண்டு புருவத்தையும் ஒரு தூக்குத் தூக்குவார், அதுதான் 'முடியாது', விஷயம் முடிந்தது. நாக்கைத் தட்டி மறுப்பது கழுதை ஓட்டுகிறவர்களுக்கு என்பார். டாக்டர் படிப்பு முடித்து, தெசலோனிகி மருத்துவமனையில் நரம்பியல் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தபோதும் அப்படித்தான் தூக்கினார். கடைக்கு மேலே எனக்கென்று கிளினிக் வைக்க ஒரு அறைக்கு நீல வண்ணம் அடித்தாகிவிட்டது, நான் அதில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. அந்தப் புருவங்களில் இப்போது ஒன்றுதான் வேலை செய்கிறது. ஒற்றைப் புருவம் ஏறினால் நம் ஊரில் 'அப்படியா, மேலே சொல்லு' என்று அர்த்தமாகிவிடுகிறது. வாய் ஒழுகுகிறதே என்ற வெட்கத்தில் அவர் பேசுவதுமில்லை.

முதலில் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்தார்கள். திருவிழாவுக்குக் கடையில் ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டார்கள், இடது புருவம் ஏறியது, உள்ளே வந்துவிட்டார்கள். காதுக்குள் சத்தத்தை அடக்கிவைக்கிற குட்டித் தசை ஒன்று இருக்கிறது, அதுவும் இதே நரம்பின் ஆள். அது படுத்துவிட்டதால் ஒவ்வொரு ஊதலும் அப்பாவுக்கு மண்டைக்குள் வெடிக்கிறது. புருவத்தை இன்னும் தூக்கினார். "பாருங்கடா, அண்ணன் எப்படி ரசிக்கிறாருன்னு. இன்னும் நல்லா ஊதுங்க" என்றார் அவர்களின் தலைவர். அடுத்து பாதிரியார் தன் கிடாயை யாத்திரை போய்வரும்வரை கட்டிவிட்டுப் போனார், அது நாற்காலிகளின் வைக்கோல் பின்னலை எல்லாம் தின்றுவிட்டது, வாடிக்கையாளர்கள் இப்போது சட்டத்தின் மேல் உட்காருகிறார்கள். நாக்கின் முன்பக்கத்து ருசியில் ஒரு பாதியும் இந்த நரம்போடு போய்விட்டதால், அப்பா ருசி பார்த்துப் பார்த்துச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார், சர்க்கரை வேண்டாம் என்கிற மீன்காரர்களும் காபிக்குப் பதில் பாகு குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் போகட்டும் அத்தை, போன வெள்ளிக்கிழமை, ஊருக்கெல்லாம் வரன் பேசுகிற பெலாயியா அக்கா வந்தாள்.

"ஸ்த்ராத்திஸ் அண்ணே, கல்லோனி மத்தி மீன்காரங்க வீட்டுப் பையன் இக்னாத்திஸுக்கு நம்ம மிர்ஸினியைக் கேக்கறாங்க. தங்கமான பையன்."

அப்பா முடிந்தமட்டும் மறுத்தார். இடது புருவம் ஏறியது.

"இன்னும் என்ன வேணும்? சொந்தப் படகு இருக்கு."

புருவம் இன்னும் மேலே போனது.

"அட, விடமாட்டியே. சரி, ஐஸ் லாரியும் அவனுக்குத்தான்."

வலது கண் இமை மூடாததால் அதில் எந்நேரமும் தண்ணீர் வடிகிறது. சரியாக அந்த நேரத்தில் அது வடிந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, அவர் வலது கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். தொட்டால் உணர்கிற நரம்பு வேறு, அது நன்றாகவே இருக்கிறது. ஆகவே முத்தம் முழுசாகத் தெரிந்தது, முகத்தைச் சுளிக்கத்தான் வழியில்லை.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அக்கா, அது அழுகை இல்ல, நரம்பு" என்று சொல்லி, உள்ளங்கையைக் காதோடு வைத்து, கன்னத்தில் விரல்களை விரித்து, நெற்றிக்கு ஒரு கிளை, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கு, தாடைக்கு, கழுத்துக்கு என்று காட்டினேன். எனக்குப் பல்வலி என்று யாரோ கிராம்பு கொண்டுவந்தார்கள்.

"டாக்டரம்மா, பொண்ணைக் கொடுக்கிற அப்பன் அழறான், நீ பாடம் எடுக்கறியா? உனக்குச் சம்மதமா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள் அக்கா.

நானும் நம் குடும்பம்தானே, இரண்டு புருவத்தையும் நன்றாகத் தூக்கினேன். ஆனால் யார் முகத்தையும் பார்க்கக் கூசி நெற்றி முடியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கு. புருவத்தை யாரும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மோதிரம் கொண்டு வருகிறார்களாம். இக்னாத்திஸ் நல்லவன்தான், ஆனால் அவன் மத்தியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான், நான் பேசுவதே இல்லை.

ஆகையால் அத்தை, அப்பாவுக்கு இருக்கிற அதே புருவங்கள் உங்களுக்கும் இருக்கின்றன, இரண்டும் வேலை செய்கின்றன. சனிக்கிழமைக் கப்பலில் வந்து, வாசலில் நின்று, ஒருமுறை தூக்கிவிட்டுப் போங்கள். மாமாவுக்கு என் வணக்கம். நம் தேவாலயத்து அதிதூதர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், உங்கள் முகத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து.

பணிவுடன்,
மிர்ஸினி

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இன்று காலை பெலாயியா அக்கா, எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்க வந்தாள். அப்பாவின் வலது புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்து, மெதுவாக ஏறி, இடதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. "ஐயோ, அப்போ அன்னைக்கும் இதானா அண்ணே?" என்று போய்விட்டாள். வாத்தியக்காரர்களும் போய்விட்டார்கள். கிடாய்க்கு மட்டும் இன்னும் புரியவில்லை. ஆகவே நீங்கள் மறுக்க வரவேண்டியதில்லை.

ஆனாலும் வாருங்கள். வலது புருவம் திரும்புவதற்கு முன், ஊரார் எல்லாரும் கேட்கிறார்களே என்று நானும் ஒருநாள் கேட்டேன். கடையில் யாருமில்லை. அவர் வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை இழுத்து ஒட்டுப் போட்டேன். பிறகு என் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, "அப்பா, நான் தெசலோனிகிக்குப் போகட்டுமா?" என்றேன். புருவம் என்ன செய்தது என்று நான் பார்ப்பதற்குள் காபிப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். இடது கண்ணில், அத்தை. அந்தப் பக்கத்து நரம்பில் ஒரு குறையும் இல்லை.

இப்போது இரண்டு புருவமும் வந்துவிட்டதால் எனக்குத் திரும்பக் கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து கேளுங்கள். நான் சமையலறையில் இருக்கிறேன். புருவம் ஏறினால் எதுவும் சொல்ல வேண்டாம், நானே புரிந்துகொள்கிறேன். ஏறாவிட்டால், காபி எடுத்துவரச் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள்.