துரை ஒரு தடவை சொன்ன 'போதும்'

மேலகரம்,
தாது வருஷம், கார்த்திகை.

சிரஞ்சீவி மைத்துனன் நெல்லையப்பனுக்கு உன் அத்தான் பால்வண்ணநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. குற்றாலநாதர் கிருபையால் நானும் உன் அக்காள் குழல்வாய்மொழியும் கலியாணப் பெண் சண்முகசுந்தரியும் இவ்விடம் சுகம். உன் சுகத்தையும், நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் காலேஜின் சுகத்தையும் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். அத்தான் முறை தவறினார் என்று நாளைக்கு நீ யாரிடமும் சொல்ல முடியாது.

உன் கார்டு கிடைத்தது. கவரில் போட்டு அனுப்பியிருந்தால் நான் மட்டும் படித்திருப்பேன். கார்டில் எழுதியதால் தபால்காரர், "அண்ணாச்சி, ஒங்க மச்சினரு கோவமால்லா எழுதியிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். ஆவணி மாதம் நிச்சயதார்த்தத்தன்று சுவீடன் பாஷையைப் பற்றி நான் சொன்னது முழுவதும் கற்பனை என்று ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்; தந்தால் தை மாதக் கலியாணத்துக்கு வருவாயாம்; தராவிட்டால் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேறு தாய்மாமனை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நீ ஒரு வரி கேட்டாய். நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நீ கேட்ட வரி மட்டும் இதில் இருக்காது.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்கு நீ கேட்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாய். சாரலுக்கு நாங்கள் மேலகரத்திலிருந்து போய்த் தங்கும் குற்றாலத்து வீட்டின் முன்கட்டை இந்த வருஷம் வாடகைக்கு எடுத்த எக்மான் துரை சுவீடன் தேசத்துக்காரர், தீப்பெட்டி மெஷின் பூட்ட வந்த இஞ்சினீர். அவரும் துரைசானியும் தங்களுக்குள் பேசுவது மேலே ஏறிக் கீழே இறங்கி, மறுபடி ஏறி இறங்கிப் போகும். சமையல்கார நல்லக்கண்ணு முதல் வாரமே என்னிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, தொரையும் தொரைசானியும் காலம்பற எந்திரிச்சதும் பஜனை பண்ணுதாவ. நாம சுண்டல் கிண்டல் வச்சுக் குடுக்கணுமோ?" என்றான். ஏலே, அது பஜனை இல்லை, பேச்சுதான் என்று நான் சொன்னேன். அவன் நம்பவில்லை. சுண்டலைக் கொண்டு வைத்துவிட்டான். துரையும் சாப்பிட்டுவிட்டார். அதனால் மறுநாளும் சுண்டல்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலையில் நான் தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகப் பேரருவியில் நின்றேன். அங்கே நம் ஜனங்கள் பேசும் அழகு உனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்க எல்லாச் சொல்லையும் ஒன்று போலக் கத்துவார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் கத்தினான், சீயக்காய் விற்கிறவள் கத்தினாள், நானும் வண்டிக்கார மசூதைப் பார்த்துக் குதிரையை அவிழ்க்காதே என்று கத்தினேன். மசூது பலமாகத் தலையை ஆட்டிவிட்டு, பூட்டியிருந்த குதிரையை அவிழ்த்துப் புல்லுக்கு விட்டான். அப்போது எனக்குப் பக்கத்தில் நின்ற துரை, பாறைக்கு அந்தப் பக்கம் சோப்பும் கையுமாக வந்த துரைசானியிடம் ஏதோ சொன்னார். கத்தவில்லை. நாலைந்து சொல்லில் ஒன்றை மட்டும் தனியாக மேலே தூக்கினார், இழுத்தார், மீதியைக் கீழே இறக்கி விட்டுவிட்டார். அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு தண்ணீர் விழுகிற இரைச்சலிலும் அந்த ஒரு சொல் எண்ணெய்ச் சொட்டு மாதிரி மிதந்து வந்து என் காதில் பட்டது. துரைசானி சோப்பை வைத்துவிட்டுத் துண்டை எடுத்து வந்தாள். நெல்லையப்பா, அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டிற்று. அழுத்திச் சொல்வதற்குச் சத்தம் வேண்டியதில்லை!

அன்று முதல் என் காலைக் காப்பி முன்கட்டில்தான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், பத்திரிகை படித்துப் படித்தே இங்கிலீஷைப் பிடித்தவன் என்பது உனக்குத் தெரியும், நீ மறக்க விட்டதும் இல்லை. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே துரையை உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். தன் பாஷையைப் பற்றி இந்தத் தேசத்தில் ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 'யா வில் ஹா வத்தென்' என்று ஒரு வாக்கியம் சொன்னார். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். அதையே மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாம் 'எனக்குத்தான்' என்போம், 'தண்ணீர்தான்' என்போம். எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதன் வாலில் ஒரு 'தான்' கட்டிவிட்டால் தீர்ந்தது. அவர்கள் அதைக் குரலிலேயே செய்கிறார்கள். தூக்குகிற சொல் மற்ற சமயத்தில் இருப்பதைவிட நீளும், சுருதி ஏறும். அதற்குப் பின்னால் வருகிற சொற்கள் எல்லாம் ஜமீன்தார் பின்னால் போகிற ஆட்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போகும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அவர்கள் சொல்லில் சிலவற்றுக்கு ஒரு சிகரம், சிலவற்றுக்கு இரண்டு சிகரம். வாசலில் நின்று திரிகூடமலையைப் பார்த்தால் மேகத்துக்குத் தக்கபடி ஒன்றும் இரண்டுமாகத் தெரியுமே, அப்படி. வத்தென் என்பது இரட்டைச் சிகரம். சும்மா சொன்னால் இரண்டாவது தெரியாது. அழுத்திச் சொன்னால் அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பும். துரைசானியை ரகசியம் பேசுவது போல மெல்லச் சொல்லச் சொன்னேன். அப்போதும் எழும்பிற்று. வாயை மூடிக்கொண்டு வெறுமனே முனகச் சொன்னேன். அப்போதும் எழும்பிற்று. உன் காலேஜ் புஸ்தகம் அழுத்தம் என்றால் பலம் என்கிறதே, மூடிய வாய்க்குள் என்ன பலம் இருக்கிறது?

நம் வீட்டிலும் பரீட்சை பார்த்தேன். 'எனக்குக் காப்பி வேண்டும்' என்பதில் காப்பியை மட்டும் சுவீடன் முறையில் தூக்கி இறக்கினேன். உன் அக்காள் அடுக்களையிலிருந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை கட்டியிருக்கு" என்று சுக்குக் கஷாயம் கொடுத்தாள். குடித்தேன். ஆராய்ச்சி செய்கிறவன் கஷாயத்துக்குப் பயப்படக் கூடாது.

இனி நிச்சயதார்த்தம். கடையத்துச் சம்பந்திகள் அருவியைப் பார்க்க ஆசைப்பட்டதால் குற்றாலத்து வீட்டிலேயே வைத்தோம். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியை முன்கூட்டியே அன்றைக்கே வைத்தோம். துரைக்கும் துரைசானிக்கும் இலை போட்டோம். துரை 'போதும்' என்ற சொல்லை முதல் நாளே என்னிடம் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார். நல்லக்கண்ணு இரண்டாவது கரண்டி சொதி ஊற்றியதும் துரை, "போதும்" என்றார். தன் தேசத்து முறையில், இரண்டு சிகரமும் தெரிய, அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். எனக்கு மயிர் சிலிர்த்தது. நல்லக்கண்ணு ஊற்றினான். துரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அழுத்தமாகச் சொல்லியாயிற்று என்று அவர் எண்ணம். நல்லக்கண்ணு இன்னும் ஊற்றினான். துரையின் முகம் சிவந்து, இலையில் சொதி குளம் கட்டி, வேட்டிப் பக்கம் ஓடி வந்தது. அவர் அன்று நம் கௌரவத்துக்காக வேட்டி கட்டியிருந்தார்.

"ஏலே! அவருதான் அழுத்திச் சொல்லிட்டாருல்லா!" என்று நான் கத்தினேன்.

"ஒருக்கத்தானே சொன்னாவ அண்ணாச்சி? இலைமேல கையும் வைக்கல. நம்ம வீடுகள்ல ஒருக்கப் போதும்னா இன்னும் ஊத்துன்னுல்லா அர்த்தம்?" என்றான் நல்லக்கண்ணு.

அப்போது நீ என்ன செய்தாய்? என் பக்கம் பேச வேண்டியவன், அடுத்த இலையிலிருந்து எழுந்து, சம்பந்தி முன்னால் தீர்ப்புச் சொன்னாய். "நல்லக்கண்ணு சொல்லுததுதான் ஞாயம். மூணு தடவை சொன்னாத்தான் சொன்னது. அத்தானுக்கு அருவியில குளிச்சுக் காதுக்குள்ள தண்ணி போயிருக்கு. அந்தச் சத்தத்தை சுவீடன்னு சொல்லுதாக!" என்றாய். கடையத்தார் சிரித்தார்கள். துரையும், ஏன் என்று தெரியாமலே, சிரித்தார்.

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தேன். துரைசானியை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவள் வாயை மூடி அந்தத் தண்ணீர் வாக்கியத்தை முனக வேண்டும், எதை அழுத்தினாள் என்று நான் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று துரை சொல்ல வேண்டும். சபை பார்த்தது. நான் ஒன்றுகூடத் தவறவில்லை. "குருட்டாம்போக்கு" என்றாய். சரி, நீ வா என்று கதவுப் பக்கம் உன்னை நிறுத்தினேன். அவள் எதை முனகினாலும் நீ கடைசிச் சொல், கடைசிச் சொல் என்றே சொன்னாய். அதற்கும் காரணம் எனக்குத் தெரியும். எதையும் அழுத்தாமல் பேசும்போது அவர்கள் குரல் கடைசிச் சொல்லில்தான் இயற்கையாக எழும்பும். தேர்ச்சியில்லாத காது அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். சம்பந்தி, "என்ன வாத்தியாரே, பெயிலா?" என்றார். இந்தத் தடவை சிரிப்பு உன் பக்கம் திரும்பிற்று. நீ மேல்துண்டை உதறித் தோளில் போட்டாய். வாசலில் நின்று, "நான் இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்" என்றாய். பெண் பின்னாலேயே ஓடி வந்து, "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது கேள். நீ போன திசையை எல்லோரும் பார்த்தார்கள். நான் மட்டும் உன் குரலைக் கேட்டேன். அன்று நீ கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத்தான் சொன்னாய். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தூக்கினாய், இழுத்தாய், அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் தலை குனிந்து போயிற்று. எக்மான் துரையே அவ்வளவு திருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். கோபம் நிஜமானால் காலேஜ் வாத்தியார் தொண்டையும் என் சாஸ்திரப்படிதான் வேலை செய்யும் என்பதற்கு நீயே சாட்சி. அந்தச் சொல் 'இந்த' என்பது. மிதிக்க மாட்டேன் என்பதை நீ அழுத்தவே இல்லை. 'இந்த' வீடு என்றால் குற்றாலத்து வீடு. கலியாணம் மேலகரத்து வீட்டில். ஆகவே என் முறைப்படி நீ கலியாணத்தை மறுக்கவில்லை. உன் முறைப்படி பார்த்தாலோ, நீ அதை ஒரு தடவைதான் சொன்னாய். மூன்று தடவை சொன்னால்தான் சொன்னது என்று தீர்ப்பு எழுதியவனும் நீதான். ஆகவே அப்படியும் மறுக்கவில்லை. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உன் பக்கம் நிற்காது.

இதனால் உன்னை நான் கூப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். நியாயத்தை எடுத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ வராவிட்டால் உன் ஒன்றுவிட்ட அண்ணன் ஆலங்குளத்து ஆவுடையப்பன் மாலை போடுவான். அவனுக்கு வாதத்தால் கால் எழும்பாது என்பது வாஸ்தவம். பெண் அவன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பால்வண்ணநாதன் காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதித் தந்தான் என்ற பேச்சு மட்டும் இந்த ஜில்லாவில் வராது.

உன் மனையாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கிணறு வற்றாமலும் இருக்கக் காசிவிசுவநாதர் துணை செய்வார்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும் உன் அத்தான்,
பால்வண்ணநாதன்.

பின்குறிப்பு: மடிப்பதற்கு முன்னால் இதை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். கலியாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கிற வரை உலக்கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. "என் தம்பி வரணும்" என்றாள். என் காதைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். 'என்' உயரவில்லை. 'தம்பி' நீளவில்லை. 'வரணும்' என்பதில் ஒரு சிகரமும் இல்லை. எல்லாம் வயல் மாதிரி ஒரே மட்டம். "எந்தச் சொல்லை அழுத்துதே?" என்று கேட்டேன். உலக்கையை மறுபடி எடுத்தாள். நேற்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. மஞ்சள் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஒன்றையும் தூக்காமல் மூன்று சொல்லையும் மனுஷன் தலைமேல் வைக்க முடியும் என்பதற்கு என் சாஸ்திரத்தில் இடமில்லை. துரையிடம் கேட்கலாம் என்றால் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை உன் கையாலேயே எழுதி எடுத்து வா. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன். ஆவுடையப்பனுக்கு நான் இன்னும் சொல்லவும் இல்லை. தென்காசி ஸ்டேஷனில் மசூது வண்டியோடு நிற்பான். குதிரையை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் ஒரு தடவை சொன்னால் சொன்னதாகாது என்றாயே, உன் முறைப்படியே எழுதிவிடுகிறேன்.

வா. வா. வாடே.