தெளிந்த தண்ணீரும் பட்டினி ஆமையும்

மனிதர்களில் தெளிதண்ணீர்க்காரர் என்று ஒரு வகை உண்டு. பெயர் வைத்தது நான்தான். வேறு பெயர் இன்னும் பொருந்தும் என்று யாராவது வாதாட வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் கண்ணாடித் தொட்டி இருக்கும். தொட்டியில் ஆமை இருக்கும். நீங்கள் குனிந்து ஆமையைப் பார்ப்பீர்கள். அவர் உங்கள் தோளைத் தொட்டு, "அதை விடுங்க, ஃபில்டரைப் பாருங்க" என்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். கடைக்கு வருகிற வயசாளிகளுக்குக் கண்ணாடியைத் தானே துடைத்து, தானே மாட்டிவிட்டு, "இப்ப தெரியுதா?" என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்பார். எட்டு வயது மகளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமைக்குட்டி வாங்கித் தந்தார். அவள் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள். அன்று முதல் பொத்தான் அவளுடையது, தண்ணீர் அவருடையது.

ஆமை என்ன செய்யும்? தின்னும், தின்றதை வெளியே தள்ளும், அதிலேயே நீந்தும். மீனுக்கு இருக்கிற நாசூக்கு அதற்குக் கிடையாது. இது தெரிந்ததும் நம்மவர் தொட்டிக்குள் தொங்கும் சின்ன ஃபில்டர் வாங்கினார்; அது போதாதென்று, வெளியே உட்கார்ந்து ஒரு குழாயால் உறிஞ்சி மறு குழாயால் துப்பும் பெரிய ஃபில்டர் வாங்கினார்; அதன் ஸ்பாஞ்சை வாரத்துக்கு இருமுறை சோப்புப் பொடி போட்டுத் துவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்து, தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துப்போனதும், "பாத்தியா, சரியா துவைக்கலை" என்று மறுபடியும் துவைத்தார். ஆமைக்குட்டியை விற்ற வளர்ப்புமீன் கடைக்காரர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், ஸ்பாஞ்சுல குடியிருக்கறது அழுக்கு மட்டுமில்ல. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க இருக்கு. தொட்டியைக் காப்பாத்தறதே அதுங்கதான். நீங்க அத்தனையும் துவைச்சுக் கொன்னுட்டீங்களே!"

"அப்போ என்னதான் பண்றது?"

"தொட்டியில எடுத்த பழைய தண்ணியிலயே லேசா அலசுங்க. மொத்தத் தண்ணியையும் கொட்டாதீங்க. வாரம் கால்வாசி மாத்துங்க, போதும்."

கேட்டார். தண்ணீர் தெளிந்தது. அத்துடன் விட்டிருந்தால் அவர் எப்படித் தெளிதண்ணீர்க்காரர் ஆவார்? இன்னும் தெளிய வேண்டுமே! அழுக்கு எங்கிருந்து வருகிறது? ஆமையிலிருந்து. ஆமைக்கு எங்கிருந்து வருகிறது? தீனியிலிருந்து. ஆக, தீனியில் கை வைத்தார். தினமும் போட்டது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாலே நாலு குருணை. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பொத்தான் கண்ணாடியில் முட்டிக்கொண்டே நின்றது.

"அப்பா, அதுக்குப் பசிக்குது."

"பசியெல்லாம் இல்லடா கண்ணு. எக்சர்சைஸ் பண்ணுது."

இதற்கு மேல் பேசிப் பலனில்லை என்று மனைவிக்குத் தெரியும். பதினோரு வருடக் குடித்தனம் ஆயிற்றே. அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் தாயும் மகளும் பொத்தானைத் தூக்கி ஒரு பச்சை வாளியில் விடுவார்கள். தீனி, கேரட் துருவல், செடித்தொட்டியில் கிளறிய மண்புழு என்று அதற்கு அங்கே விருந்து. தின்பதும் வாளியில், கழிப்பதும் வாளியில். தொட்டியில் ஒரு துணுக்குகூட விழாது. வாளித் தண்ணீர் செடிக்குப் போகும். பொத்தான் மினுமினுவென்று வளர்ந்தது.

அவர் சும்மா இருப்பாரா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சு. "வாரத்துக்கு நாலு குருணை! எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க. ஊர்ல எல்லாரும் ஆமைக்கு அளவுக்கு மீறிப் போடறாங்க." மீன்கடைக்காரருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தார். தாயும் மகளும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தது தப்பு. அப்போதே உண்மையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும்.

மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. தாயும் மகளும் பதினைந்து நாள் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது, "ஏங்க, தினமும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

"ஆமையைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"ஏம்மா, தண்ணி அவ்வளவு சுத்தமா இருக்கு. அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிடலாம். ஆனா இது கல்லு மேலயே கிடக்குது. தொட்டாக்கூடத் தலையை உள்ள இழுத்துக்க மாட்டேங்குது. விளக்கைப் பாத்தேன், ஹீட்டரைப் பாத்தேன், ஃபில்டரை மூணு தடவை கழட்டி மாட்டிட்டேன்…"

"தீனி?"

"ஞாயித்துக்கிழமை போட்டேனே!"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகள் அழ ஆரம்பித்தாள்.

"கோவப்படாம கேளுங்க" என்றாள் மனைவி. "குளியலறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு பச்சை வாளி இருக்கு…"

கோபப்பட அவருக்கு நேரமில்லை. கடையைத் திறக்கவில்லை. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பொத்தானை இறக்கிவிட்டு, ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குருணை போட்டார், அசையவில்லை. கேரட் துருவிப் போட்டார், அசையவில்லை. மணியாகிக்கொண்டே போனது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு செடித்தொட்டியைக் கிளறி, முகத்தைச் சுளித்தபடி ஒரு மண்புழுவைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். ஒரு கண் திறந்தது. மறு கண் திறந்தது. கழுத்து நீண்டது. லபக்!

மறுநாள் காலையில் போனில் கத்தினார். "வெளிக்குப் போயிருக்கும்மா! வாளி பூரா கலங்கிக் கிடக்கு! என்னா நாத்தம் தெரியுமா!"

"அழுக்குக்கு அப்பா இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்லை" என்றாள் மகள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? தினமும் தீனி போடுகிறார், அது உண்மை. ஆனால் தாயும் மகளும் வீடு திரும்பியபோது, பச்சை வாளிக்குள் புத்தம்புது ஃபில்டர் ஒன்று களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆமை கிடையாது, சரி. யாரும் உட்காரக் கூடாத சோபா உண்டா? எண்ணெய் தெறிக்கும் என்று எதையும் பொரிக்காத அடுப்பு? குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், பெட்டி பிரிக்காமல் வைத்த பொம்மை? நான் யாரையும் சொல்லவில்லை. அதோ, உங்கள் பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வருகிறான். "காலைக் கழுவு" என்று வாயைத் திறக்கிறீர்களே, கொஞ்சம் பொறுங்கள். சாப்பிட்டானா என்று முதலில் கேளுங்கள்.