தீர்ப்பு பார்த்த ஒரே படம்

கடலூர் மாவட்டத்தில் திரைப்படங்களை அவரைவிட நுட்பமாக எடைபோட்டவர் ஒருவரும் இல்லை என்று எந்தச் சபையிலும் சொல்வேன். சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: முப்பது ஆண்டுகள் ஒரு படமும் பார்க்காமலே இருந்தவர் அவர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஓய்வூதியப் புத்தகத்தில் தேடினால் கிடைக்கலாம். மஞ்சக்குப்பத்தில் அவர் 'தீர்ப்பு'. நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வழக்குகளைக் கூப்பிட்டு, வாய்தா தேதி குறித்துக் கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவருக்குத் தலைக்கு மேலே இருந்த அந்த ஒரு நாற்காலியின் மீது கண் இருந்ததில் வியப்பில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே அது கிடைத்தது. கோர்ட்டுக்குப் போகும் சாலையில் உள்ள பாய் டீக்கடையில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அது அவருடையது. ஏனையோருக்கு மரப் பெஞ்சு.

அந்தப் பெஞ்சில் நிரந்தரமாக மூன்று பேர். முதல் பூசை முடித்துவிட்டு நேராக வரும் டெய்லர் அந்தோணி. கீரப்பாளையத்துப் பக்கம் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே உரக்கடை வைத்திருக்கும் செல்வராசு. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்ந்த நான். எங்கள் வேலை, அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றிச் சாட்சி சொல்வது. பாய் கண்ணாடிக் கிளாஸைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகு சத்தம் போடுபவருக்கு அன்று டீ கிடையாது.

"பாத்தத மட்டும் சொல்லு. நெனச்சத சொல்லாத" என்பது தீர்ப்பின் நிரந்தர உத்தரவு. பிறகு குறுக்கு விசாரணை. இறுதியில், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுச் சத்தமாகப் படிக்கப்படும். 'முதல் பாதி அனுமதிக்கப்படுகிறது. இரண்டாம் பாதி தள்ளுபடி. நான்காவது பாடல், கதைக்குத் தொடர்பில்லாத மூன்றாம் நபர் என்பதால், வழக்கிலிருந்து நீக்கப்படுகிறது.'

ஒரு படத்தையாவது நேரில் பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். கேட்கத் தகாததைக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"கொலைய நேர்ல பாத்த ஜட்ஜு, அந்தக் கேஸ எப்பிடி சார் விசாரிப்பாரு? பாத்துட்டா அவரும் சாட்சி. எறங்கிக் கூண்டுல ஏற வேண்டியதுதான்."

இந்தக் கொள்கைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கும் என்பதால் அங்கே மட்டும் குடையைத் தோளுக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். வெயிலும் மழையும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. தங்கை மகன் திருமணத்துக்குப் போன பேருந்தில் ஓட்டுநர் ஏதோ ஒரு படத்தைப் போட்டுவிட்டார். தீர்ப்பு கண்களை மூடிக்கொண்டார். காதில் விழுந்தது. காதையும் பொத்தினார். இரண்டு கைகளும் காதில் இருந்ததால் பேருந்து திரும்பும்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் போய்ச் சாய்ந்தார். கடைசியில் வடலூரில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். தாய்மாமன் எங்கே என்று மணமேடையில் தேடியிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

சாட்சிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். அந்தோணிக்குப் படத்தில் துணி மட்டுமே தெரியும்.

"சண்டையில ஈரோவுக்கு எடது தோள் தையலு பிரிஞ்சிடுது மாமா. அடுத்த சீன்ல கையால தச்சிருக்கு. மெஷின் தையலு இல்ல."

"நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அதே ராத்திரிதான்."

"அந்த வூட்ல பொம்பளைங்க யாருனா இருந்தாங்களா?"

"யாரும் இல்ல. அவன் ஒண்டிக்கட்டை."

"அப்ப தச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு, கதாநாயகன் தனியாள் என்னும் அடிப்படையே நிரூபிக்கப்படவில்லை என்று முழுப் படத்தையும் தள்ளுபடி செய்தார்.

செல்வராசு எல்லாப் படத்துக்கும் அழுபவர்.

"எத்தினி தடவ அழுத?"

"ரெண்டு தடவ மாமா. தங்கச்சி செத்தப்ப ஒண்ணு. இன்டர்வெல்ல ஒண்ணு."

"இன்டர்வெல்ல எதுக்கு?"

"இன்னும் பாதி இருக்குதேன்னு."

இதே செல்வராசுதான் ஒருமுறை பொய்ச்சாட்சி சொல்லி அகப்பட்டவர். ஏசியில் நன்றாகத் தூங்கிவிட்டு, கைப்பேசியில் எவனோ பேசிய விமர்சனத்தை மனப்பாடம் செய்து வந்து, திரைக்கதையின் நெருக்கடி என்றும் பாத்திரத்தின் வளைவு என்றும் சொல்லத் தொடங்கினார். தீர்ப்பு கண்ணாடியைக் கழற்றினார்.

"வில்லன் செத்தப்ப, ஒனக்குப் பக்கத்து சீட்டுல யாரு இருந்தா?"

செல்வராசு விழித்தார். "மச்சான், காப்பாத்துடா" என்று அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி கர்த்தரை நோக்குபவர்போலக் கூரையைப் பார்த்தார்.

"கொறட்ட வுட்டது நீதான்னு பக்கத்து சீட்டுல இருந்த பாயோட மருமவன் நேத்தே சொல்லிட்டான். அந்த போனுல பேசுறவன் யாரு? இங்க வந்து பெஞ்சில ஒக்காந்தவனா? அவன குறுக்கு விசாரண பண்ண முடியுமா?" நான்கு வாரம் டீ குடிக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்று தண்டனை. செல்வராசு அந்த நான்கு வாரமும் ஒழுங்காக வந்து, ஒழுங்காகக் குடித்து, ஒழுங்காக மௌனம் காத்தார்.

என் சாட்சியத்தில் வேறு குறை. 'என் மனைவி என்ன நினைத்தாள் என்றால்' என்று நான் தொடங்குவேன். தீர்ப்பு உடனே கை உயர்த்துவார். "இன்னொருத்தரு சொன்னத நீங்க சொன்னா அது செல்லாது சார். அம்மாவையே கூட்டிக்குனு வாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். அவள் அஞ்சலகக் கவுன்ட்டரில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவள். கேள்வி கேட்பவர்களைப் பார்த்து அஞ்சும் வழக்கம் அவளிடம் இல்லை. பாய் பெஞ்சைத் துணியால் துடைத்தார். அதுவரை அந்தப் பெஞ்சு துடைக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

"அம்மா, இந்தப் படத்துல கொலைகாரன் யாருன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பதினஞ்சாவது நிமிஷத்துல."

"கடைசியிலதான் சொல்றான்னு டெய்லரு சாட்சி இருக்குதே?"

"அவுரு சட்டையப் பாத்துக்குனு இருந்திருப்பாரு. நான் காலப் பாத்தேன். பத்து வருஷமா வந்து போற வூடுன்னு சொல்றான், செருப்ப எங்க வுடறதுன்னு தெரியாம நிக்கிறான். இவுரு எடது காதுல அப்பவே சொல்லிட்டேன்."

"சொன்னதுக்கு அத்தாட்சி?"

"காது இவுருதுதான். கேட்டுக்குங்க."

நான் தலையசைத்து உறுதிப்படுத்தினேன்.

"எல்லாப் படத்துக்கும் இப்பிடித்தானா?"

"கல்யாணம் ஆனதுலேந்து. பாவம், இவுரு ஒரு படத்தக்கூட முடிவு தெரியாம பாத்ததில்ல" என்றவள், எழுந்திருக்கும்போது, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வாயில வைக்காமலே கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்றீங்களே, அது எப்பிடி?" என்றாள்.

அந்தோணிக்குப் புரையேறியது. தீர்ப்பு நாள்காட்டித் தாளைத் திருப்பி எழுதினார்: 'இந்தச் சாட்சியிடம் மேற்கொண்டு கேள்விகள் இல்லை.' அவருடைய நாற்காலி வரலாற்றில் அப்படி ஒரு வரி அதற்கு முன்பு எழுதப்பட்டதில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் என் மனைவி காலமானாள். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியது ஒன்றுமில்லை.

ஞாயிறு காலைகளில் நான் வீட்டிலேயே இருக்கத் தொடங்கினேன். திரையரங்கின் பக்கம் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, செய்தித்தாளுக்குள் ஒரு நாள்காட்டித் தாள் வந்தது. 'மூன்றாம் சாட்சி வரும் ஞாயிறு நேரில் ஆஜராகவும்.' மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று, சிவப்பு மையில். அதையும் வைத்தேன். மூன்றாவதை அந்தோணி, தைத்த சட்டையின் பைக்குள் போட்டு அனுப்பியிருந்தார். இழுப்பறை மூடுவதற்குச் சற்றுச் சிரமப்பட்டது.

தை மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல் வாசல் மணி அடித்தது. தீர்ப்பு. நீதிமன்றத்துக்குப் போட்டுப் போன அதே வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"பிடிவாரன்ட் சார்."

"உள்ள வாங்க."

"வாரன்ட் கொண்டாந்தவன் உள்ள வந்து காப்பி குடிக்கிற பழக்கம் கெடையாது. புதுசா ஒரு கொலைப் படம் வந்திருக்கு. டெய்லருக்குப் பொங்கல் துணியே இன்னும் தச்சி முடியல. செல்வராசு தூங்கிடுவான். சாட்சி இல்லாம கேசு நிக்குது."

"நான் தனியா படத்துக்குப் போறதில்லீங்க."

அவர் குடையை விரித்தார். மடக்கினார். "தனியா போவச் சொல்லி எவன் சொன்னான்? செருப்பப் போடுங்க."

தெரு முனைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொற்களின் பொருள் எனக்கு உறைத்தது. "அப்ப, உங்க கொள்கை?" என்றேன்.

"வெயிலு ஏறுது சார். நடங்க."

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் திரும்பப் போனேன்; அங்கேதான் நாங்கள் வழக்கமாகப் போகும் திரையரங்கு. அவர் கையைப் பிடித்துப் பேருந்து நிலையத்தின் பக்கம் திருப்பினார். "இங்க வேணாம். சிதம்பரத்துலயும் ஓடுது. இந்த ஊருல என்ன எவனாவது தியேட்டர்ல பாத்தா மானம் போயிடும்." உண்மைக் காரணம் அதுவன்று என்பது இருவருக்கும் தெரியும். புதுச்சத்திரம் தாண்டியும், வெள்ளாற்றுப் பாலம் தாண்டியும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சிதம்பரத்தில், திரையரங்க வாசலில் அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். டிக்கெட் கிழிப்பவர், "பெரியவரே, கோயிலு அந்தாண்ட" என்றார். உள்ளே என்னை உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வந்து என் இடப்புறத்து இருக்கையில் அமர்ந்தார். திரையில் ஒரு மணப்பெண் கழுத்து நிறைய நகையோடு கண்கலங்கினாள். தீர்ப்பு முன்னால் சாய்ந்தார்.

"இந்தக் கல்யாணம் நின்னுடுமா சார்?"

"இது நகைக்கடை விளம்பரம்."

"விளம்பரமா? வழக்குல சேக்கலாமா?"

"சேக்க வேண்டாம்."

படம் தொடங்கியது. அவர் பத்து நிமிடம் அசையவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னும் சற்றுக் காத்திருந்தார். மறுபடி பார்த்தார். என் இடது காதின் பக்கம் சாய்ந்தார்.

"சார், அந்த டாக்டருதான்."

அடுத்த ஐந்தாவது நிமிடம் டாக்டர் கொலையுண்டார்.

"அப்ப மச்சினன். மூஞ்சியே சரியில்ல."

இடைவேளைக்குள் மைத்துனனும் போய்ச் சேர்ந்தான். தீர்ப்பு இரண்டு வெங்காயச் சமோசாவோடு திரும்பி வந்து, "சாட்சிங்க சொன்ன படமெல்லாம் இதவிட நல்லா இருந்துச்சி சார்" என்றார். இரண்டாம் பாதியில் காவலாளி, இன்ஸ்பெக்டர், எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் என்று ஒவ்வொருவராக என் காதில் குற்றம் சாட்டினார். செத்துப்போன டாக்டருக்கு இரட்டைப் பிறவி இருக்கலாம் என்றார். ஆள் தீர்ந்ததும் வீட்டு நாயைச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பி, "யோவ் பெருசு, வாய மூடுறியா?" என்றான். "கோர்ட் அவமதிப்பு" என்று தீர்ப்பு முணுமுணுத்தார். நான் சிரித்துவிட்டேன். முன்வரிசை மறுபடி திரும்பியது; இம்முறை என்னைப் பார்த்தது.

படத்தில் அவர் பெயர் சொல்லாமல் விட்டவன் ஒரே ஒருவன். அவன்தான் கொலைகாரன். திருமணமான நாள் முதல், நான் முடிவு தெரியாமல் பார்த்த முதல் படம் அது.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அந்தோணியும் செல்வராசும் நகர்ந்து இடம் விட்டார்கள். எட்டு மணிக்குத் தீர்ப்பு வந்தார். கை வைத்த நாற்காலியை ஒரு கணம் பார்த்தார். பிறகு வந்து மரப் பெஞ்சில், எனக்கு இடப்புறம் உட்கார்ந்தார்.

"மாமா, எடம் மாறி ஒக்காந்துட்டீங்க" என்றார் செல்வராசு.

"மாறல. நேத்து நான் படம் பாத்துட்டேன்."

பாயின் கையில் இருந்த கரண்டி கிளாஸைத் தட்டாமல் அப்படியே நின்றது. கர்த்தரைக் கூப்பிட்டபடி அந்தோணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் கழிச்சி, ஒரு படத்துக்காகவா மாமா?"

"படத்துக்குன்னு நான் சொன்னனா?" என்றார் தீர்ப்பு. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "இந்தக் கேசுல நான் சாட்சி. விசாரிக்க எனக்கு உரிமை கெடையாது. மத்த படத்துக்கெல்லாம் அந்த நாற்காலிக்குப் போவேன். இதுக்கு மட்டும் பெஞ்சுதான்."

"அப்ப இதுக்கு யாருதான் தீர்ப்பு சொல்றது?"

யாரும் இல்லை. பாய் மறுத்துவிட்டார், அந்தோணிக்குத் துணியைத் தவிர வேறொன்றும் தெரியாது, செல்வராசுவின் மீது பழைய தண்டனை இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அந்த வழக்கு கூப்பிடப்படுகிறது. தீர்ப்பு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். விசாரிக்க ஆள் இல்லை என்று பாய் அறிவிக்கிறார். அடுத்த வாரத்துக்கு வாய்தா. அதன் பிறகே அவர் நாற்காலிக்குத் திரும்புகிறார்.

ஒன்றரை ஆண்டாக அது நிலுவையில் இருக்கிறது. விரைந்து முடிக்கச் சொல்லி மனுப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வழக்கு முடியாதவரை, வாரத்தில் ஐந்து நிமிடமாவது, அவர் என் இடப்புறம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.