மாமியார் ஊரில் எங்கள் ராக் பேண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். அம்மன் சம்பந்தப்பட்ட விஷயம். நான் கேலி பண்ணுகிறேன் என்று யாராவது நினைத்துவிட்டால் பாவம் எனக்குத்தானே? நேற்று விளக்கேற்றும்போது என் மனைவிதான், "நடந்தத நடந்த மாதிரி எழுதினா அம்மா ஏன் கோவிச்சுக்கப் போறா?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் நாங்கள் ஒரு ராக் பேண்டு வைத்திருந்தோம். நான் டிரம்ஸ். (வீட்டில் தாம்பாளம், பக்கெட் எல்லாம் தட்டித் திட்டு வாங்கிப் பழகிய கை.) கிட்டார் சேகர், பாட்டு ரேவதி. இரண்டு பேரும் காதலர்கள். எங்கள் காதல் பாட்டெல்லாம் சேகர் அவளுக்காகக் கட்டியதுதான்.

எனக்குக் கல்யாணமான புதிது. மாமனாருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். "மோளம் தட்டறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள? மண்டிக்கு வந்து உக்காருங்க" என்பார். எப்படியோ கெஞ்சி, அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும் அன்று வாசிக்கச் சம்மதம் வாங்கினேன். நன்றாக இருந்தால் டிரம்ஸ், கெட்டுப்போனால் மண்டி. அதுதான் பேச்சு.

வேன் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றது. அங்கேதான் இரண்டு பேரும் பிரிந்தார்கள். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மூலமாகப் பேசினார்கள்.

"அண்ணா, அவன் கட்டுன பாட்டு ஒன்னுகூட நான் பாட மாட்டேன்னு சொல்லுங்க."

"ண்ணா, பாடச் சொல்லி இங்க யாரு கெஞ்சிக்கினு இருக்காங்கன்னு கேளுங்க."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல? என்னை ஏன் பேஜாரு பண்றீங்க?" என்றேன்.

சேகர் கட்டாத பாட்டு எங்களிடம் ஒன்றே ஒன்று. கச்சேரி ஆரம்பிக்கும்போது பாடுகிற அம்மன் பாட்டு.

சாயங்காலம் அதை வாசித்தோம். முடிந்தது. வேறு இல்லாததால் மறுபடியும் அதையே எடுத்தோம். அவளுக்கு மூச்சு வாங்கட்டும் என்று சேகர் வேகத்தைக் கூட்டினான். அவன் திணறட்டும் என்று அவள் சுதியை ஏற்றினாள். நடுவில் நான் கை வலிக்க அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காதலித்த காலத்தில் அவர்கள் இவ்வளவு நன்றாக வாசித்ததே இல்லை.

முன்வரிசையில் என் மாமியாருக்குச் சாமி வந்துவிட்டது.

எங்கள் பக்கம் சாமி வந்தால் மலையேறும்வரை மேளத்தை நிறுத்தக் கூடாது. பூசாரி கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் கொடுத்து இறக்குவார். அன்றைக்கு அவர் ஒருத்தரை இறக்குவதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு வந்தது. கூழ் வாங்கச் சொம்போடு நின்ற வரிசையே ஆடியது.

மாமனார் மேடைக்கு ஓடிவந்தார். "நிறுத்துங்க மாப்ள! கூழ் ஊத்தறதுக்கு ஆளே இல்ல!"

பூசாரி அந்தப் பக்கமிருந்து கத்தினார். "நிறுத்தினா சாமி குத்தம்! அடி தம்பி!"

மாமனாரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, பூசாரி சொன்னபடி அடித்தேன். இனி மண்டிதான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது.

கடைசியில் மாமியார் தலைவிரி கோலமாக மேடை மேலேயே வந்து நின்றார். பூசாரி குனிந்து, "என்ன தாயி குறை?" என்றார். மாமியார் சேகரையும் ரேவதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்ட போட்டுக்கினு வந்து என் எதிர்ல நிக்கிறீங்களா?"

ரேவதி அழுதுவிட்டாள். சேகர் கிட்டாரோடு காலில் விழுந்தான். தாய் சேர்த்து வைக்கப் போகிறாள் என்று எனக்கே கண் கலங்கியது.

"சேர வேணாம். பாட்ட மட்டும் விடாதீங்க!" என்று எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு அம்மன் மலையேறினாள்.

மண்டிப் பேச்சு அன்றோடு நின்றது. அம்மனே விடாதே என்ற பிறகு மாமனார் எப்படி விடச் சொல்வார்? ஆனால் சாமி வரவைக்கிற பேண்டு என்று பேர் பரவி, அப்புறம் எந்த ஊரிலும் எங்களைக் காதல் பாட்டு வாசிக்க விடவில்லை. சேகரும் ரேவதியும் வேறு வேறு இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். பிழைப்பு இன்றும் ஒரே மேடையில்தான்.

மாமியாருக்கு அன்று நடந்தது எதுவும் ஞாபகமில்லை. இன்றும் அவர்கள் வீட்டில் சாப்பாடு வரும்வரை நான் மேசையில் லேசாக விரலால் தட்டினால் போதும், மாமனார் பதறிவிடுவார்.

"மாப்ள, விரல மடக்குங்க. உங்க அத்த கையில கொழம்புச் சட்டி இருக்குது!"

வீடே சிரிக்கும்.

இதை யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, மாமியார் விஷயம் தெரிந்துதான் பேசினார் என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். வேனில் நடந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பேசியது அம்மன்தான்.