புழுவின் வருகைப் பதிவு

உயிர்களின் வரலாற்றில் மாபெரும் நிகழ்ச்சிகள் இரண்டு. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கடல் தரையின் மேலாக ஊர்ந்தே பிழைத்துவந்த கூட்டத்திலிருந்து ஏதோ ஒரு புழு, தலையைச் சேற்றுக்குள் செலுத்திக் கீழே இறங்கியது ஒன்று. 1964 மார்ச்சில், கடலூர் தொல்லுயிர்க் காட்சிக்கூடத்தின் ஐவர் குழு கூடி அந்தப் புழுவை விசாரித்தது மற்றொன்று.

புழுவின் தரப்பில் ஆஜரானவர் ராஜமாணிக்கம். கூடத்தின் உதவியாளர், ஆறு ஆண்டுகளாகத் 'தற்காலிகம்'. அவர் கண்டெடுத்த பொருளைக் குழு ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீடு. வீட்டில் மனைவி ஞானாம்பாளுக்கு இது ஏழாம் மாதம்.

கண்டெடுத்த இடம் சிதம்பரத்தில் ஹபிபுல்லாவின் டீக்கடை. கிளாஸ் வைக்கும் கடப்பைக் கல்லின் உடைந்த ஓரத்தில், அடுக்கடுக்கான கோடுகளை அறுத்துக்கொண்டு விரல் பருமனில் ஒரு தடம் செங்குத்தாக இறங்கியிருந்தது.

"என்னா மச்சான், டீ ஆறுது. கல்லையே பாத்துகினு இருக்க?"

"இது புழு போன வழி மச்சான். அப்ப இது கடல் சேறு. பின்னாலதான் கல்லாச்சு."

"சொத்தைக் கல்லை என் தலையில கட்டிட்டான்னு வித்தவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். எடுத்துகினு போ. நான் பலகை போட்டுக்கறேன்."

ஹபிபுல்லா அத்துடன் நிற்கவில்லை. கல்லைச் சாக்கில் சுற்றி, பஸ்மேல் ஏற்றி, கடலூர்வரை கூடவே வந்து, கூட்ட அறை மேஜைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

தலைவர் சடையப்பன், ஓய்வுபெற்ற தாசில்தார், கல்லை நாலு பக்கமும் பார்த்தார்.

"புழு எங்கே?"

"இல்லைங்க ஐயா. எலும்பில்லாத உடம்பு, மக்கிப் போச்சு. தடம்தான் இருக்கு."

"வந்துச்சுங்கிறீர். எறங்குச்சுங்கிறீர். ஆளைக் காட்டும்னா ஓட்டையைக் காட்டுறீர்."

செயலாளர் கண்ணாயிரம் ஆமோதித்தார். அவர் எப்போதும் ஆமோதிப்பார். நிர்வாகம் அப்படித்தான் நடக்கிறது.

குழுவில் ஐந்து பேர். அறையில் இருந்தது இருவர். ஹபிபுல்லாவுக்கு அது உறுத்தியது.

"ஐயா, மத்த மூணு பேரும் வந்தப்புறம் முடிவு பண்ணலாமே?"

"அவுங்க வந்தாச்சு," என்றார் கண்ணாயிரம், பதிவேட்டைத் திருப்பிக் காட்டி. "மூணு கையெழுத்து. நேத்தே வாங்கிட்டேன்."

"ஆளுங்களைக் காணோமே?"

"ஆளு எதுக்குய்யா? கையெழுத்து இருந்தா வந்ததாத்தான் அர்த்தம்."

ராஜமாணிக்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "அதையேதான் ஐயா நானும் சொல்றேன். தடம் இருந்தா வந்ததாத்தான் அர்த்தம்."

சடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பதாண்டு உத்தியோக அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

"அவுங்க மூணு பேரோட மாதிரிக் கையெழுத்தும் ஃபைல்ல இருக்கு. இந்தப் புழுவோட மாதிரி இருக்கா?"

ராஜமாணிக்கத்திடம் இல்லை.

ஐந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இவ்வளவு வாதத்துக்குப் பிறகும் அந்த மூவரின் மனம் கடைசிவரை மாறவில்லை என்பது அவர்களுடைய உறுதிக்குச் சான்று. 'வெறும் தடத்தைக் கொண்டு ஓர் உயிர் இருந்ததாகக் கொள்ள இயலாது. தற்காலிக உதவியாளர் 31ஆம் தேதி பிற்பகல் விடுவிக்கப்படுகிறார்.'

இருவரும் கல்லைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு புங்கமர நிழலில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். ஹபிபுல்லா அலுவலகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், ஒரு சந்தேகம். இன்னும் அம்பது கோடி வருஷம் கழிச்சு எவனாவது அந்த ஆபீஸைத் தோண்டினா என்னா கெடைக்கும்?"

"அஞ்சு கையெழுத்து கெடைக்கும்." ராஜமாணிக்கம் குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். "ஆனா, அதை வச்சு அங்க உயிர் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. அவுங்களே தீர்மானம் போட்டுட்டாங்க."